அப்பாவிடமிருந்து போனை வாங்கிவிடுவதா, வங்கிக் கணக்கை மாற்றிவிடுவதா?

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 76. அரசுத் துறை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அல்சைமர் தொடக்க நிலையில் இருப்பதாக எட்டு மாதங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் சொன்னார். சென்ற மாதம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், வாழ்நாள் சான்று புதுப்பிக்கப்படாததால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, ஓடிபி எண்களைக் கேட்டு வாங்கி, மூன்று தவணைகளில் 48,000 ரூபாயை எடுத்துவிட்டான். பாஸ்புக்கைப் பதிந்து வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அந்த அழைப்பு நினைவிலேயே இல்லை. அதைவிடக் கொடுமை, அடுத்த வாரமும் அவனிடம் "சொல்லுங்க தம்பி" என்று அன்பாகப் பேசிக்கொண்டிருந்தாராம்.

இதற்கிடையில், பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத உறவினர் ஒருவர் வாரந்தோறும் வந்து போகிறார். ஏதோ காகிதத்தில் அப்பாவின் கையெழுத்தை வாங்கியதாக அம்மா சொல்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். போனை வாங்கி வைக்க முயன்றால், "ஆயிரம் பேருக்குச் சம்பளப் பட்டியல் போட்டவன்டா நான்" என்று கண் கலங்குகிறார். அவருக்காக நான் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:

தம்பி, முதலில் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்துவிட்டீர்களா? பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது கைமாறிச் செல்லும் கணக்குகளிலேயே முடக்கிவிட வாய்ப்புண்டு. காலம் கடந்துவிட்டது என்றாலும் புகாரைப் பதிந்து, அதன் எண்ணை வங்கிக் கிளையிலும் எழுத்து மூலம் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, ஓடிபியை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேர்ந்தது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. மறதி நோயை இந்த விதி கணக்கில் கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

அடுத்ததாக, ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து யுபிஐ, நெட் பேங்கிங், ஏடிஎம் கார்டு மூன்றையும் நீக்கச் சொல்லி அப்பாவைக் கொண்டே கடிதம் கொடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து மாதம் மூவாயிரமோ நான்காயிரமோ தானாகப் போய்ச் சேரும்படி இன்னொரு சிறு கணக்கு திறந்து, யுபிஐயை அதில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஏமாந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும். பலர் கவனிக்காத இடம் வைப்புத் தொகை. சேமிப்புக் கணக்கில் பணமில்லை என்றால், நெட் பேங்கிங் வழியாக வைப்புத் தொகையை முறிக்க வைத்தோ, அதன் மீது கடன் எடுக்க வைத்தோ சுருட்டிக்கொண்டு போகிறார்கள்.

நெல்லை மகள்:

என் அம்மாவுக்கு நோய் தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறை ஏமாந்தவரின் எண் கைமாறிக்கொண்டே இருக்கும். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று இன்னொரு கும்பலும் பேசும். ஆகவே எண்ணை மாற்றுவதுதான் முதல் வேலை. புதிய எண்ணைக் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் மட்டும் கொடுத்து, பதிந்து வைத்த பெயர்களைத் தவிர வேறு அழைப்புகள் ஒலிக்காதபடி போனில் அமைத்துவிடுங்கள். பழைய சிம் உங்களிடம் இருக்கட்டும்.

போனை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். அம்மா பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பேசத் தொடங்கினார். அது இன்னும் ஆபத்து. "நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதாலும் பயனில்லை. காரணம் மறந்துவிடும், அவமானம் மட்டும் மனதில் தங்கிவிடும். இப்போது அம்மாவின் சுருக்குப்பையில் எப்போதும் ஐந்நூறு ரூபாய் சில்லறையாக இருக்கிறது. தினமும் எண்ணிப் பார்த்து முடிந்து வைப்பார். சில நாள் பூக்காரிக்கு இரண்டு முறை பணம் கொடுத்துவிடுவார். போகட்டும்.

சிவகங்கைச் சீமை:

எதற்கு இவ்வளவு சுற்று? அப்பா நிதானத்தோடு இருக்கும் நாளாகப் பார்த்து, வீட்டை உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடுங்கள். உறவினர் தொல்லை அன்றோடு தீரும்.

மதுரை வழக்கறிஞர்:

மேலே சொல்லப்பட்ட யோசனையை அவசரப்பட்டு ஏற்க வேண்டாம். நோய் உறுதியான பிறகு எழுதப்படும் செட்டில்மென்ட்டை, நாளை உடன்பிறந்தோர் ஒருவர் எதிர்த்தால், அந்த உறவினரைப் பற்றி நீங்கள் சொல்லும் அதே குற்றச்சாட்டு உங்கள் மீதே திரும்பும். எழுதியே ஆக வேண்டுமென்றால், அவர் விவரம் புரிந்துதான் கையெழுத்திடுகிறார் என்று அன்றைய தேதியில் மருத்துவர் தரும் சான்று வேண்டும். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

பவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துபோகும். எந்தக் காலத்துக்காக அதை வாங்குகிறோமோ அந்தக் காலத்தில் அது உதவாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பிரதிநிதியும் சிகிச்சை பற்றித்தான் முடிவெடுக்கலாம். சொத்தைத் தொட முடியாது. முந்தைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்க வழி இருந்தது. புதிய சட்டம் அதை விட்டுவிட்டது. எனவே நோய் முற்றிய நிலையில் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது அப்படி ஒரு வழக்கில்தான்.

தொடக்க நிலை என்பதால் உங்களுக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது. வங்கி மாற்றங்கள், நியமனதாரர் (நாமினி), உயில் ஆகியவற்றை அப்பாவின் விருப்பத்தைக் கேட்டு, அவரே முன்னின்று செய்ததாக இப்போதே முடியுங்கள். உறவினர் வாங்கிய கையெழுத்து எதற்கு என்று அறிய, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடன் வாங்கியதாக எழுதிக்கொள்ளும் வெற்றுப் புரோநோட்டாக இருந்தால் அதில் தெரியாது. அதை வைத்து நாளை யாராவது பணம் கேட்டால் காட்ட, மருத்துவ ஆவணங்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். மூலப் பத்திரம் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டாம்.

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. புரோநோட்டாக இருக்குமோ என்ற கவலை மட்டும் தீரவில்லை. வங்கிக் கடிதத்தை அப்பாவே தன் கையால், பழைய அலுவலக நடையில், "பார்வை" "பொருள்" எல்லாம் இட்டு எழுதிக் கொடுத்தார்; கிளை மேலாளர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பழைய சிம் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று மட்டும் நான்கு அழைப்புகள். ஒருவன் நான் பேசுவதற்கு முன்பே, "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.