ஆணை வந்தால் யாரும் அடிப்பார்களா? மில்கிராம் சோதனையை முன்வைத்து ஒரு சண்டை

மேசைவிளக்கு:
வேறொரு இழையில் ஒருவர், “கொடுமை செய்பவன் பிறவியிலேயே கொடுமைக்காரன், நல்லவன் யார் சொன்னாலும் செய்ய மாட்டான்” என்று அடித்துச் சொல்லியிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம், வந்தால் 4.50 டாலர். வந்தவர் ‘ஆசிரியர்’. அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டப்பட்டிருப்பவர் ‘மாணவர்’. மாணவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் ஒரு படி கூட்டி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டிலிருந்து 450 வரை 30 விசைகள். அதிர்ச்சி பொய், மாணவர் நடிக்கப் பழக்கப்பட்டவர். ஆசிரியருக்கு மட்டும் அது தெரியாது. 300 வோல்ட்டில் மாணவர் சுவரை உதைப்பார், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஆசிரியர் தயங்கினால், சாம்பல் நிற கோட் போட்ட ஆய்வாளர் “தயவுசெய்து தொடருங்கள்” என்பார்.

40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். இதை மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் போனால் அதிகம் என்றிருந்தார்கள். அந்த 26 பேரும் பிறவிக் கொடுமைக்காரர்களா? என் பதில்: இல்லை. அவர்கள் நின்ற இடம்தான் காரணம்.

குறுக்குக்கேள்வி:
இந்தக் கதையை எத்தனை காலத்துக்குச் சொல்லப் போகிறீர்கள்?

முதலில், 40-இல் 26, அதாவது 65 சதவீதம் என்பது ஒரே ஒரு வடிவத்தின் எண். மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இதைச் செய்தார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் மறுத்திருக்கிறார்கள். புகழ்பெற்றது எந்த எண் என்று பாருங்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிது. சோதனை முடிந்தபின் மில்கிராமே ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். மாணவருக்கு உண்மையிலேயே வலித்தது என்று முழுமையாக நம்பியதாகச் சொன்னவர்கள் சுமார் 56 சதவீதம். மீதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் சந்தேகம். யேல் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஒலிப்பதிவுகளையும் தாள்களையும் உளவியலாளர் ஜினா பெர்ரி தோண்டி எடுத்தார். அதில் வெளிவராத ஒரு பகுப்பாய்வும் இருந்தது. வலி உண்மை என்று நம்பியவர்களே அதிகம் மறுத்தார்கள், நம்பாதவர்களே அதிகம் தொடர்ந்தார்கள் என்று அது காட்டுகிறது. இது நாடகம் என்று புரிந்துகொண்டவன் பொத்தானை அழுத்தியதை வைத்து மனித குலத்தின் மேல் தீர்ப்பு எழுதலாமா?

ஆய்வாளரும், ஆசிரியர் தயங்கினால் சொல்ல எழுதி வைத்த நான்கு வாக்கியங்களோடு நிற்கவில்லை. பல ஒலிப்பதிவுகளில் வாதாடி, கெஞ்சி, விடாமல் தள்ளியிருக்கிறார்.

மேசைவிளக்கு:
“எல்லா வடிவங்களையும் கூட்டிப் பார்த்தால்” என்பதே தப்பான கணக்கு. ஒவ்வொரு வடிவமும் ஒன்றை மாற்றிப் பார்க்கத்தான் செய்யப்பட்டது. சராசரி எடுத்தால் சோதனையின் பயனே போய்விடும். பிரித்துப் பாருங்கள்.

மாணவர் அதே அறையில் இருந்தபோது கடைசிவரை போனவர்கள் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்து மின்தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30. ஆய்வாளர் அறையை விட்டுப் போய் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறக்குறைய 20. யேலை விட்டு பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடத்தியபோது 47.5. கூட இருந்த இரண்டு ‘ஆசிரியர்கள்’ (அவர்களும் நடிகர்கள்) நடுவில் எழுந்து மறுத்தபோது 10. மாறாக, விசையை வேறொருவர் அழுத்த, தான் பக்கத்து வேலையை மட்டும் பார்த்தபோது 40 பேரில் 37 பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

பாதிப் பேர் நாடகம் என்று கண்டுகொண்டார்கள் என்றால், பக்கத்தில் இருவர் எழுந்து போனதும் எண் ஏன் இப்படிச் சரிய வேண்டும்? நாடகம் என்று தெரிந்தவனுக்கு மாணவர் எந்த அறையில் இருந்தால் என்ன? தொலைபேசி வடிவத்தில் சிலர் குறைந்த வோல்ட்டையே அழுத்திவிட்டு, கூட்டிக்கொண்டே போவதாக ஆய்வாளரிடம் பொய் சொன்னார்கள். வலியை நம்பாதவன் எதற்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும்?

வழிப்போக்கன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பார்வை வேறு. மனிதனுக்குள் ஆத்திரம் அடைந்து கிடக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் கொட்டிவிடுகிறான். அந்தக் கோட் போட்டவர் அனுமதிச் சீட்டு கொடுத்தார், அவ்வளவுதான். கோபத்தை அவ்வப்போது தலையணையிலோ குத்துப்பையிலோ தீர்த்துக்கொண்டால் இதெல்லாம் குறையும்.

மேசைவிளக்கு:
இதற்கு மில்கிராமே ஒரு வடிவம் வைத்திருந்தார். எந்த வோல்ட் என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆத்திரம் உள்ளே காத்திருந்தது என்றால் அன்றைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். 40 பேரில் ஒருவர்தான் 450-க்குப் போனார். பெரும்பாலானோர் அடிமட்ட விசைகளைத் தாண்டவே இல்லை.

குறுக்குக்கேள்வி:
இந்த ஒன்றில் மேசைவிளக்கோடு நிற்கிறேன். குத்துப்பை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதிய கட்டுரையை யாரோ மட்டமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபமூட்டினார்கள். ஒரு குழு திட்டியவனை நினைத்துக்கொண்டே பையைக் குத்தியது. இன்னொரு குழு சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தது. பிறகு திட்டியவனின் காதில் இரைச்சல் அடிக்க வாய்ப்புக் கொடுத்தபோது, குத்தியவர்கள்தான் அதிக மூர்க்கமாக இருந்தார்கள். குத்துவது கோபத்துக்கு ஒத்திகை, வடிகால் இல்லை.

வழிப்போக்கன்:
அப்போ ஆத்திரம் எங்கிருந்துதான் வருகிறது?

மேசைவிளக்கு:
ஒரு பகுதி, பார்த்துக் கற்பது. ஆல்பர்ட் பாண்டுரா 1961-இல் 72 சிறு குழந்தைகளை வைத்துச் செய்த பொம்மைச் சோதனை. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த குழந்தைகள், பின்னால் அதே அடியை, அதே வசனத்தோடு திருப்பிச் செய்தார்கள். அதைப் பார்க்காத குழந்தைகளிடம் அந்த அளவுக்கு இல்லை.

குறுக்குக்கேள்வி:
அடித்தாலும் எழுந்து நிற்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததை வன்முறை என்று எழுதுவதில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. அது கிடக்கட்டும், மில்கிராமுக்கு வருகிறேன்.

நீங்கள் கொடுத்த எண்களை ஏற்கிறேன். ஆனால் அவை ‘கீழ்ப்படிதல்’ என்பதை நிரூபிக்கவில்லை. ஆய்வாளரின் நான்கு வாக்கியங்களையும் வரிசையாகப் பாருங்கள். “தயவுசெய்து தொடருங்கள்.” “நீங்கள் தொடர வேண்டியது இந்தச் சோதனைக்குத் தேவை.” “நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம்.” நான்காவது: “உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.” இதில் நேரடியான ஆணை கடைசி ஒன்றுதான். உளவியலாளர் ஜெர்ரி பர்கர் இதே சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார். 70 சதவீதம் பேர் அதற்கு மேலும் போகத் தயாராக இருந்தார்கள். ஆனால் நான்காவது வாக்கியம்வரை போக வேண்டியிருந்த ஒருவர்கூட அதைக் கேட்டபின் தொடரவில்லை. ஆணை வந்ததும் எழுந்துவிட்டார்கள்! அதிகாரத்துக்குக் குருட்டுத்தனமாகப் பணிகிறவர்களின் லட்சணமா இது?

உளவியலாளர்கள் ஹாஸ்லம், ரைக்கர் இருவரும் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த மனிதர்கள் பணியவில்லை, ஒத்துழைத்தார்கள். அறிவியலுக்குத் துணை நிற்கிறோம், இது நல்ல காரியம் என்று நம்பினார்கள். அதனால்தான் யேல் என்றால் அதிகம், சாதாரண அலுவலகம் என்றால் குறைவு.

மேசைவிளக்கு:
பர்கரின் ஆய்வில் நான்காவது வாக்கியத்தைக் கேட்டவர்கள் ஏற்கெனவே மூன்று முறை மறுத்தவர்கள். எழுந்து போகும் மனநிலையில் இருந்தவர்களை வடிகட்டி எடுத்து, அவர்கள் ஆணைக்குப் பணியவில்லை என்று காட்டுவது என்ன நியாயம்? முதல் வாக்கியத்திலேயே மடங்கியவர்களைப் பற்றிப் பேசுங்கள்.

இரவுப்பணி:
இருவரும் ஆய்வகத்தை விட்டு வெளியே வாருங்கள். நான் பல வருடம் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தவள். எனக்கு மில்கிராமைவிட ஹாஃப்லிங்தான் நெருக்கம்.

அவருடைய ஆய்வு 1966-இல் வெளியானது. இரவு நேரத்தில் வார்டுக்கு ஒரு தொலைபேசி. முன்பின் அறியாத டாக்டர், ஒரு நோயாளிக்கு ‘ஆஸ்ட்ரோட்டன்’ 20 மில்லிகிராம் கொடுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். டப்பாவின் மேலேயே 10-க்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கிறது. மருந்து பொய்யானது, உள்ளே வெறும் சர்க்கரை. தொலைபேசியில் மருந்து எழுதி வாங்குவதும் விதிமீறல். 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள், வழியில் நிறுத்தினார்கள். அவர்கள் யாரும் சோதனை என்று சந்தேகப்பட்டிருக்க வழியில்லை, அவர்களுக்கு அது இன்னொரு இரவு. ஆக, “நாடகம் என்று தெரிந்திருக்கும்” என்ற வாதம் இங்கே செல்லாது, குறுக்குக்கேள்வி.

ஆனால் மேசைவிளக்கு, உடனே கொண்டாட வேண்டாம். 1977-இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் அதையே மாற்றிச் செய்தார்கள். பழக்கமான மருந்து, வேலியம், ஆனால் மிதமிஞ்சிய அளவு. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளவும் முடியும். 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். ‘இடம்தான் காரணம்’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். தெரியாத மருந்து, கேட்க ஆளில்லை என்ற இரண்டும்தான் அந்த 21 பேரை நடக்க வைத்தன. தனியாக நிற்கும் இரவில் “டாக்டருக்குத் தெரியாதா என்ன” என்று தோன்றும். பக்கத்தில் இன்னொருத்தி இருந்து “என்னடி இது, இவ்வளவா?” என்று கேட்டுவிட்டால் போதும், கை நின்றுவிடும்.

மேசைவிளக்கு:
இதைத்தான் இருவர் எழுந்து மறுத்த வடிவமும் காட்டியது. 1950-களில் சாலமன் ஆஷ் செய்த கோடு சோதனையிலும் இதே கதை. ஒரே நீளமுள்ள கோடு எது என்று கேட்டு, கூட இருக்கும் நடிகர்கள் எல்லோரும் தப்பான கோட்டைக் காட்டும்போது, முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த அழுத்தம் பெரும்பாலும் உடைந்துவிட்டது. ஆள் மாறவில்லை, பக்கத்தில் இருப்பவர்தான் மாறினார்.

குறுக்குக்கேள்வி:
சரி, இப்போது உங்கள் வாதத்தின் ஆபத்தான இடத்துக்கு வருவோம். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் ஊர். ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101, சுமார் 500 பேர். பெரும்பாலும் நடுவயதுக் குடும்பஸ்தர்கள். யூதர்களைச் சுட்டுக் கொல்ல ஆணை வந்திருக்கிறது. அதன் தளபதி மேஜர் டிராப் அதைச் சொல்லிவிட்டு, வயதானவர்களில் முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்கிறார். அப்போது ஒரு டஜன் பேர் அளவில்தான் விலக முன்வந்தார்கள். சுடும்போது இன்னும் சிலர் கழன்றுகொண்டார்கள். மறுத்தவர்கள் யாரும் சுட்டுக் கொல்லப்படவில்லை. அன்று ஏறத்தாழ 1,500 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

இங்கே ஆணையிட்டவனே கதவைத் திறந்து விட்டான். மில்கிராமின் ஆய்வாளரைப் போலத் தள்ளவில்லை. அப்படியும் சுட்டார்கள் என்றால் ‘நின்ற இடம்’ என்று எப்படிச் சொல்வீர்கள்? அரசியல் அறிவியலாளர் கோல்ட்ஹேகன் சொல்வது போல, யூதர்கள் மேல் இருந்த வெறுப்பும் சுட்டிருக்கிறது.

மேசைவிளக்கு:
அதே ஆவணங்களைப் படித்த வரலாற்றாசிரியர் பிரவுனிங் வேறு முடிவுக்கு வந்தார் என்பதையும் சொல்லுங்கள். கூட்டாளிகள் முன்னால் கோழையாகத் தெரியக்கூடாது, அழுக்கு வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நான் மட்டும் விலகுவதா என்ற எண்ணம்தான் பலரைப் பிடித்து வைத்தது என்கிறார். அவரும் வெறுப்பை இல்லை என்று சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது உண்மை. அந்தக் கதவு வழியாக எல்லோர் கண் முன்னாலும் நடந்து போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

குறுக்குக்கேள்வி:
அப்படியென்றால் சுட்டவனை மன்னித்துவிடலாமா? “நான் நின்ற இடம் அப்படி” என்று அவன் நீதிமன்றத்தில் சொன்னால்?

மேசைவிளக்கு:
ஏன் நடந்தது என்று சொல்வது மன்னிப்பு இல்லை. மில்கிராமின் 40 பேரில் 14 பேர் எழுந்தார்கள். யூசெஃபூவில் ஒரு டஜன் பேர் விலகினார்கள். மறுக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. தண்டனை கொடுங்கள். ஆனால் கொடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து உள்ளே போட்டால் அடுத்த பட்டாலியன் சுடாது என்று நம்பாதீர்கள்.

வழிப்போக்கன்:
அந்த 14 பேரிடம் அப்படி என்ன இருந்தது? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.

குறுக்குக்கேள்வி:
குணநலன் சோதனைகளில் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. ஆனால் ஒரு தகவல் உண்டு. மாணவர் கத்திக் கூப்பிடும் வடிவங்களில், 150 வோல்ட்டில் முதன்முறையாக “என்னை வெளியே விடுங்கள்” என்கிறார். மறுத்தவர்கள் அந்த இடத்தில்தான் அதிகம் நின்றிருக்கிறார்கள் என்று உளவியலாளர் பாக்கர் 2008-இல் காட்டினார். வலிக் கூச்சல் ஏற ஏற மறுப்பு அந்த அளவில் ஏறவில்லை. அதாவது அவர்கள் வலியைவிட, “எனக்கு விருப்பமில்லை” என்ற மாணவரின் பேச்சைத்தான் காதில் வாங்கியிருக்கிறார்கள். மேசைவிளக்கு, இது உங்கள் ‘நின்ற இடம்’ கணக்கில் எங்கே வருகிறது?

மேசைவிளக்கு:
மாணவரின் உரிமைக் குரலும் அந்த இடத்தின் ஒரு பகுதிதானே?

குறுக்குக்கேள்வி:
எல்லாமே ‘இடம்’ என்றால் அந்தச் சொல் எதையும் விளக்காது. அதே குரலைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தவர்களும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இரவுப்பணி:
மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை இன்னும் யாரும் இழுக்கவில்லை என்பதே ஆச்சரியம். காவலர்களிடம் கடுமையாக நடக்கச் சொல்லிப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்ததிலிருந்து நான் அதை எங்கும் மேற்கோள் காட்டுவதில்லை. பேச வேண்டுமென்றால் அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே கலக்க வேண்டாம்.