இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது, வண்டி குலுங்குது. ஓட்டலாமா?

விழுப்புரம்வாசி:
2018 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 61,000 கிமீ ஓடியிருக்கு. நேத்து வாட்டர் வாஷ் விட்டேன். பானட்டைத் திறந்து இன்ஜின் மேலயும் பிரஷர் தண்ணி அடிச்சு பளபளன்னு ஆக்கிக் குடுத்தாங்க. இன்னைக்குக் காலையில திண்டிவனம் ரோட்டுல போறப்ப மஞ்சள் இன்ஜின் லைட் வந்துடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மினுக் மினுக்குன்னு அடிக்குது, காலை எடுத்தா நின்னு எரியுது. சிக்னல்ல நின்னா ஸ்டியரிங்கே ஆடுது. நாளைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா லைட் போயிடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். செய்யலாமா?

ஊர்சுற்றி:
பெட்ரோல் மூடியை டக் டக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகிப் பாருங்க. எனக்கு அதான் பிரச்சனையா இருந்துச்சு.

ஸ்பானர்மாமா:
மூடி லூசா இருந்தா சில வண்டியில லைட் எரியும் தம்பி, ஆனா வண்டி குலுங்காது. இது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலை. லைட் நிலையா எரிஞ்சா மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் போகலாம். மினுக்குச்சுன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடணும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். அது சூடாகி உருகினா செலவு எங்கேயோ போயிடும். நாளைக்கு அம்மாவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க.

பேட்டரியில கை வைக்காதீங்க. லைட்டோட சேர்ந்து, வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச கோளாறு நம்பரும் (எரர் கோடு) அழிஞ்சுடும், அப்புறம் எந்த சிலிண்டர்னு தேடணும். ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட் இருக்கும், ஸ்கேனர் போட்டு கோடை எழுதி வைங்க.

விழுப்புரம்வாசி:
நண்பர்கிட்ட புளூடூத் ஸ்கேனர் இருந்துச்சு. பி0302னு காட்டுது.

ஸ்பானர்மாமா:
கடைசி நம்பர்தான் சிலிண்டர், அதாவது ரெண்டாவது. பெரும்பாலான வண்டியில டைமிங் செயின் பக்கத்துல இருந்து எண்ணணும். சாவியை எடுத்துட்டு, இன்ஜின் ஆறினதும் அந்த சிலிண்டரோட இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிறது) மேல தூக்கிப் பாருங்க. காயில் இருந்த குழியில தண்ணி நின்னா அடியில இருக்கிற பிளக்கைக் கழட்டாதீங்க, தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கிடும். முதல்ல துணியால ஒத்தி எடுத்து, ஏர் அடிச்சுக் காய வைங்க. காஞ்ச பிறகும் குலுங்கினா ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டி, மூணாவதை இங்க போடுங்க. கோடு பி0303ன்னு மாறினா காயில் போச்சு. மாறலைன்னா பிளக், பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்னு அடுத்துப் பார்க்கணும்.

விழுப்புரம்வாசி:
மாமா, குழியில ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி! காய வெச்சும் குலுங்கிச்சு. மாத்தி மாட்டினேன், அப்படியே பி0303. காயிலோட ரப்பர் குழாயில முடி மாதிரி ஒரு கீறல், அதுல மேலிருந்து கீழ வரைக்கும் கருப்பா ஒரு தடம்.

ஸ்பானர்மாமா:
அந்தக் கருப்புத் தடம் வழியாத்தான் கரண்ட் பிளக்குக்குப் போகாம இன்ஜின் பாடிக்கு ஓடியிருக்கு. மிதிக்கிறப்ப பிளக்குக்கு அதிக வோல்டேஜ் வேணும், அதான் அப்போ மட்டும் மினுக்கிச்சு. கீறல் பழசா இருக்கும், தண்ணி அதைக் காட்டிக் குடுத்துடுச்சு.

விழுப்புரம்வாசி:
புது காயில் போட்டாச்சு, குலுக்கல் இல்லை. ஆனா லைட் இன்னும் எரியுது?

ஸ்பானர்மாமா:
பழைய கோடு இன்னும் பதிவுல இருக்கு, ஸ்கேனர்லயே அழிச்சுடலாம். அழிக்காம விட்டாலும் மூணு தடவை கோளாறு இல்லாம ஓடினா பொதுவா தானா அணைஞ்சுடும். திரும்ப மினுக்கினா சொல்லுங்க.

விழுப்புரம்வாசி:
அழிச்சேன், போயிடுச்சு. வாட்டர் வாஷ் பையனுக்கு டிப்ஸ் வேற குடுத்தேன் மாமா.