சுழற்கோப்பைகள் கருக்காமல் காப்பது எப்படி?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கைப்பந்துக் குழுவின் கோப்பைகளைப் பராமரிக்கும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளி நிறத்தில் பழைய சுழற்கோப்பை ஒன்றும், மரப்பலகையில் பதித்த பித்தளைக் கேடயங்கள் சிலவும், அண்மையில் கோயம்புத்தூரில் வாங்கிய பொன்னிறக் கோப்பைகள் பலவும் அதில் உள்ளன. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தும்கூடச் சுழற்கோப்பை முதலில் மஞ்சள் படிந்து, பின்னர் கருத்துவிடுகிறது. தட்டுகளில் பச்சைக் கம்பளித் துணி விரித்து, பீடங்கள் நகராதிருக்க ரப்பர் துண்டுகள் வைத்திருக்கிறோம். ஓணப் போட்டிகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் புளியும் திருநீறும் இட்டுத் துலக்கிவிடலாம் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். சுழற்கோப்பையின் அடியில் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகள் உள்ளன. யாரும் கைவைப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மறுமொழி 1 (வெள்ளிப் பாத்திர வேலை செய்பவர், பாலக்காடு)

வணக்கம். அந்த எழுத்துகளைப் பார்த்து வைத்தது மிகவும் நல்லது, ஏனெனில் செய்முறை முழுவதும் அதைப் பொறுத்தே அமையும். அது முழு வெள்ளி அன்று. ‘நிக்கல் வெள்ளி’ எனப்படும் கலப்பு உலோகத்தின்மீது மின்முறையில் வெள்ளி முலாம் பூசியது. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றால் ஆன அந்தக் கலவையில், பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. மேலே உள்ள முலாம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கனம் மட்டுமே இருக்கும். கருமை என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று, வெள்ளியே உருமாறியது. ஆகவே ஒவ்வொரு முறை தேய்த்து எடுக்கும்போதும் சிறிதளவு வெள்ளியும் சேர்ந்தே போய்விடுகிறது.

சாணச் சாம்பலில் மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் இருப்பதால், திருநீறு முலாமைக் கீறிவிடும். பற்பசையையும் தவிர்த்துவிடுங்கள். வென்ற அணிகளின் பெயர்கள் பொறித்த இடத்தில்தான் தேய்மானம் முதலில் தெரியும். பெயர் மங்கிப்போனால் அதை மீட்க வழியில்லை.

பீடத்தின் அடியிலுள்ள மரையைக் கழற்றிக் கோப்பையைத் தனியே எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் மென்மையான திரவ சோப்பு சில துளிகள் கலந்து, பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்து, நல்ல நீரில் அலசி உடனே ஈரம் போக்குங்கள். அதன் பிறகும் கருமை நின்றால், வெள்ளி துடைப்பதற்கென்றே கடைகளில் கிடைக்கும் துணியை அழுத்தாமல் பயன்படுத்துங்கள். ஆழ்ந்த கருமைக்கு, மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளை நீரில் குழைத்துப் பஞ்சால் தடவி எடுக்கலாம். வகுப்பறைச் சாக்பீஸை இடித்துப் பயன்படுத்த வேண்டாம், அது பெரும்பாலும் வேறு பொருள்.

மறுமொழி 2 (வேதியியல் ஆசிரியர், மீனாட்சிபுரம்)

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி வெள்ளியை மூழ்கவைக்கும் முறையை யாரேனும் உங்களுக்குச் சொல்லக்கூடும் என்பதால், அதைப் பற்றியும் எழுதுகிறேன். கருமையாகத் தெரியும் வெள்ளி சல்ஃபைடிலுள்ள கந்தகத்தை அலுமினியத்தின் துணையால் பிரித்து வெள்ளியை மீட்கும் உண்மையான வேதிமாற்றம் அது. அழுகிய முட்டை வாடை எழுவதும் அதனால்தான். தட்டையான வெள்ளித் தட்டுக்கு அது பொருந்தும். ஆனால் உள்ளே வெற்றிடமான தண்டும், பற்றவைத்த கைப்பிடிகளும் கொண்ட கோப்பைக்குள் நீர் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. பொறிப்புகளுக்குள் வேண்டுமென்றே விட்டுவைத்த கருநிழலும் அழிந்து, எழுத்துகள் வெளிறிவிடும்.

உங்கள் அலமாரியைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களே வெள்ளியைக் கருக்கச் செய்கின்றன. ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. கம்பளி இழையிலேயே கந்தகம் இருக்கிறது, ரப்பரைக் கெட்டிப்படுத்தவும் கந்தகமே சேர்க்கிறார்கள். மழைக்காலத்தில் இவ்விரண்டையும் கோப்பையோடு சேர்த்துப் பூட்டிவைத்தால், கருமைக்கு வேண்டிய அனைத்தையும் நாமே உள்ளே வைத்ததாகிவிடும். அவற்றை அகற்றி, துவைத்துக் கஞ்சியிடாத வெள்ளைப் பருத்தித் துணியை விரியுங்கள். புதிய பிளைவுட்டிலிருந்தும் அமில ஆவி வரக்கூடும் என்பதால், தட்டுகளுக்குக் கண்ணாடி போடுவது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கிளர்வூட்டிய கரித்தூளையும் சிறு பைகளில் வையுங்கள். முன்னது ஈரத்தையும் பின்னது கந்தக வாயுவையும் ஈர்க்கும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். செய்தித்தாளில் சுற்றுவதும் ரப்பர் பேண்டு மாட்டுவதும் வேண்டாம். பரிசளிப்பு நாளில் பலர் கைபட்ட கோப்பையைத் துடைக்காமல் உள்ளே வைக்கக் கூடாது, வியர்வையின் உப்பு விரல் ரேகையாகவே பதிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பளியையும் ரப்பரையும் இன்றே எடுத்துவிடுகிறேன். பித்தளைக் கேடயங்களுக்காவது புளி பயன்படுத்தலாமா? சுழற்கோப்பைக்கு வார்னிஷ் பூசினால் நிரந்தரத் தீர்வு கிடைக்குமா?

மறுமொழி 3 (வெள்ளிப் பாத்திர வேலை செய்பவர், பாலக்காடு)

புளி பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் பொருந்தும், ஏனெனில் அவற்றை நன்றாக அலசிக் கழுவ முடியும். மரத்தில் பதித்த கேடயத்தை அப்படிக் கழுவ இயலாது. புளியின் அமிலமும் சேர்த்த உப்பும் எழுத்துகளின் இடுக்கில் தங்கிப் பச்சைக் களிம்பாக வெளிவரும். தகட்டைக் கழற்ற முடியாவிட்டால், உலர்ந்த மென்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொன்னிறக் கோப்பைகளில் பல, பிளாஸ்டிக்கின்மீது உலோகப் படலம் ஏற்றியவை. அவற்றுக்கு மெருகுப் பொருள் எதுவும் ஆகாது, மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

வார்னிஷ் பற்றி என் கருத்து உறுதியானது: வீட்டில் பூச வேண்டாம். தூரிகை தவறிய சிறு இடைவெளியிலும் காற்று புகுந்து, அங்கு மட்டும் கருமை கோடாகப் படரும். அதை நீக்க மேற்பூச்சு முழுவதையும் கரைத்தெடுக்க வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் கைமாறும் கோப்பையில் பூச்சு விரைவில் உராய்ந்தும் போகும். சற்றே மஞ்சள் கலந்த அடி உலோகம் எங்கேனும் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் துலக்குவதை நிறுத்திவிட்டு, முலாம் பூசுபவரிடம் காட்டி, பொறித்த பெயர்கள் கெடாமல் மறுமுலாம் இட முடியுமா என்று கேளுங்கள்.