ஆச்சியின் சங்கிலி: அடர்த்தி 12தான் வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
ஆச்சி போட்டிருந்த இரண்டு பவுன் சங்கிலியும் ஒரு ஜோடி பாம்படமும் (அந்தக் காலத்துக் காதணி) அம்மா பங்குக்கு வந்திருக்கின்றன. எல்லாம் 22 கேரட் என்று ஆச்சி சொல்லுவாள். விற்கும் எண்ணம் இல்லை. உரசாமல் வெட்டாமல் தெரிந்துகொள்ளத்தான் ஆசை. சங்கிலி 16.04 கிராம். 100 மில்லி அளவுசாடியில் போட்டதும் தண்ணீர் 1.3 மில்லி ஏறியது. வகுத்தால் 12.3. 22 கேரட்டுக்கு 17.7 பக்கம் வர வேண்டுமாமே?

பதில் (பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன்):
சங்கிலியைச் சந்தேகப்படாதீர்கள், சாடியைச் சந்தேகப்படுங்கள். 22 கேரட்டில் 16 கிராம் என்றால் கன அளவு 0.9 மில்லிதான். உங்கள் சாடியில் ஒரு கோடே 1 மில்லி. அரைக்கோடு கண் பிசகினால் கணக்கு அவ்வளவுதான். கிரீடத்தைத் தண்ணீரில் போட்டு வழிந்ததை அளந்த ஆர்க்கிமிடீஸ் கதையும் இவ்வளவு நுட்பத்துக்குத் தாங்காது என்று 1586இலேயே கலிலியோ எழுதினார். தண்ணீருக்குள் எடை போடுவதே வழி என்றார்.

0.01 கிராம் காட்டும் தராசில் பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது சங்கிலி ஒதுக்கிய தண்ணீரின் எடை. 1 கிராம் என்றால் கிட்டத்தட்ட 1 மில்லி. கண்ணிகளுக்கு நடுவே காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

கேட்டவர்:
சார், முதலில் 1.02 காட்டியது. உற்றுப் பார்த்தால் கண்ணிக்குக் கண்ணி வெள்ளிமணி போலக் குமிழிகள்! தட்டிவிட்ட பிறகு 0.91, 0.90, 0.91. அப்படியானால் 17.6! ஆனால் பாம்படம் ஒன்று 24.30 கிராம், தண்ணீரில் 2.70. வெறும் 9. பித்தளையா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில் (பட்டறை வீட்டுப் பிள்ளை):
பதறாதீங்க அக்கா. பாம்படம் கெட்டி உருப்படி இல்லை. தகட்டில் கூடு செய்து உள்ளே அரக்கு நிரப்புவது வழக்கம். நீங்கள் அளந்தது இரண்டும் சேர்ந்த சராசரி. அரக்கின் அடர்த்தி 1.1 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: ஒன்றரை கிராம் அரக்கு இருந்தாலே 17.7 ஒன்பதுக்கு இறங்கிவிடும். ஆனால் பித்தளையும் எட்டரை பக்கம்தான். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து இப்படி அப்படி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சுடுதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அரக்கு இளகிவிடும்.

பதில் (ஆய்வகம்):
சங்கிலி விஷயம் சரி. 30 டிகிரித் தண்ணீரின் அடர்த்தி 0.996, அதனால் 17.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் 0.01 பிசகினால் 0.2 கூடும், குறையும். 18 கேரட்டாக இருந்தால் 16ஐத் தொட்டிருக்காது.

கேட்டவர்:
பாம்படத்தைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊசிமுனை அளவு துளை. உள்ளே கருஞ்சிவப்பாக அரக்கு தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.