ஸ்கேட்டுக்குத் தமிழ்: சறுக்கா, சகடையா, உருளடியா?

கோவையிலிருந்து, கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கார் ஷெட்டில் பட்டறை போடுகிறவர்களுக்காக, உலோகத்தைக் கடைந்து செதுக்கும் பழைய மில்லிங் மெஷினைப் பத்திரமாக உள்ளே இறக்கும் முறை பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மெஷின் பிரிட்ஜ்போர்ட் வகை, 1938-இல் அமெரிக்காவில் வந்த அதே வடிவம், எடை ஏறக்குறைய 1 டன். ஜாக்கி, கடப்பாரை, கட்டை எல்லாம் சிக்கலில்லை. தடித்த இரும்புத் தகட்டுக்குக் கீழே சிறு உருளைகள் பொருத்தி, மெஷினின் அடியில் கொடுத்துத் தள்ளுகிறார்களே, அந்த ‘ஸ்கேட்’டில்தான் நிற்கிறேன். ‘சறுக்கு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

திருச்சியிலிருந்து, ஓய்வு பெற்ற ஃபிட்டர்:

தம்பி, ‘சறுக்கு’ வேண்டவே வேண்டாம். அது உருள்கிற சாமான், சறுக்கினால் ஆபத்து. “சறுக்கை அடியில் கொடுக்கவும்” என்று ஒரு வரியும் “மெஷின் சறுக்காமல் பார்க்கவும்” என்று அடுத்த வரியும் இருந்தால் படிக்கிற பையன் என்ன செய்வான்?

இந்த மெஷினுக்குத் தலைக்கனம் அதிகம். மோட்டாரும், வெட்டுகிற கருவி சுழலும் ஹெட்டும் உச்சியில், அடிப்பாகம் குறுகல். டேபிளை முழுக்கக் கீழே இறக்கி, ஹெட்டைத் தாங்கி நீளும் கையான ராமை உள்ளே இழுத்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி மோட்டாரைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும். ஒரு விரல் அளவு தூக்கியதும் கட்டையைச் செருக வேண்டும், அப்புறம் எதிர்ப்பக்கம். கையை உள்ளே விடவே கூடாது. ஸ்கேட் மூன்று போதும்: முன்னால் திரும்புகிறது ஒன்று, பின்னால் நேராக ஓடுகிறவை இரண்டு. நான்கு கொடுத்தால், தரை சமமில்லாத இடத்தில் ஒன்று எடை வாங்காமல் தொங்கும். இதையெல்லாம் தெளிவாக எழுதிவிட்டு, பெயரை மட்டும் ‘ஸ்கேட்’ என்றே விட்டுவிடுங்கள்.

தஞ்சையிலிருந்து, தமிழாசிரியர்:

ஃபிட்டர் ஐயா சொன்ன காரணம் சரி, முடிவு சரியில்லை. சொல் நம்மிடமே இருக்கிறது: சகடை. கோயில் வாகனத்தை ஏற்றி இழுக்கிற தாழ்ந்த சக்கர மேடையைச் சகடை என்றுதான் சொல்கிறோம். புறநானூறு 102-ஆம் பாட்டில் ஔவையார் உப்பு விற்கும் உமணர் வண்டியைச் சகடம் என்கிறார். பாரம் மிகுதி, எருது இளசு, வழியெல்லாம் பள்ளமும் மேடும். கார் ஷெட்டின் சரிவில் மெஷினை ஏற்றுகிறவருக்கும் அதே கவலைதான். மயிலிறகு ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற குறளிலும் ‘சாகாடு’ வருகிறது. ஈராயிரம் ஆண்டுச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்?

மதுரையிலிருந்து:

ஐயா, சங்கப் பாட்டில் வந்துவிட்டதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது. சகடம் வடமொழி ‘சகட’வின் உருவம். நமக்கு ‘உருள்’ இருக்கிறது. உருள், உருட்டு, உருளை, உருளி, உருண்டை என்று அந்த வேர் எத்தனை கிளை விட்டிருக்கிறது பாருங்கள்! வள்ளுவரே “உருள்பெருந்தேர்” என்கிறார். ஆகவே ‘உருளடி’. உருள்கிற அடி, வினைத்தொகை. மூன்று காலமும் அதில் தொக்கி நிற்கும். மெஷினுக்குக் கொடுத்த புது அடி என்ற பொருளும் வந்துவிடுகிறது.

தஞ்சை ஆசிரியர்:

வினைத்தொகை என்றால் வினை யாருடையது? அது தானாக உருள்வதில்லை, நாம் தள்ளுகிறோம். பிறவினையாக ‘உருட்டடி’ என்றல்லவா வர வேண்டும்? சகடம் வடமொழிக்குத் தமிழ் கொடுத்த சொல் என்று வாதிடுவோரும் உண்டு.

மதுரை:

தேரையும் நாம்தான் இழுக்கிறோம், வள்ளுவர் ‘உருட்டுபெருந்தேர்’ என்று பாடவில்லையே!

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் வீலைச் சில்லு எண்டுதான் சொல்லுறது. ‘சில்லுப்பலகை’ எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வேரும் வேண்டாம், தொகையும் வேண்டாம்.

சென்னையிலிருந்து:

சில்லு என்றால் இங்கே உடைந்த ஓட்டுத் துண்டு, தேங்காய்ச் சில்லு. தமிழ்நாட்டில் எடுபடாது அம்மா. அந்தப் புறப்பாட்டிலேயே ‘சேம அச்சு’, அதாவது மாற்று அச்சு, வருகிறதே, அதை யாரும் கவனிக்கவில்லையா? ஸ்பேர் வீலுக்குச் ‘சேமச் சக்கரம்’ என்று ஏன் சொல்லக் கூடாது? நாம் சொல்லும் ‘ஸ்டெப்னி’ வேல்ஸ் நாட்டில் ஒரு தெருவின் பெயர்!

திருச்சி ஃபிட்டர்:

ஸ்டெப்னி கிடக்கட்டும். தூக்கும்போது நான்கு பேர் நான்கு மூலையில் நிற்பார்கள். ஒருவன் கடப்பாரையில் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருப்பான். “உருளடியைத் தள்ளு” என்று கத்தினால், மெஷின் உருளப்போகிறது, எதையோ அடி என்று இரண்டு பேர் எடுத்துக்கொள்வார்கள். கத்தினால் ஒரே பொருள்தான் கேட்க வேண்டும், எனக்கு வேறு நிபந்தனை கிடையாது. அந்த அளவுகோலில் யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதுதான் கிட்டத்தில் வருகிறது. சில்லு இங்கே விளங்காது என்றால் அந்த இடத்தில் உருளையைப் போடுங்கள்.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு இரவாகிவிட்டது. ‘உருளைப்பலகை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் “கடையில் ஸ்கேட் என்று கேட்கவும்” என ஒரு வரி சேர்த்துவிட்டேன். பக்கத்திலேயே மூன்றையும் வைக்கும் இடம் காட்டும் படமும் வருகிறது. ஆறு பேர் தனிமடலில் ஒப்புதல் சொல்லியிருக்கிறார்கள்.

மதுரை:

அவசரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இரும்புத் தகடு, பலகை இல்லை. கலைச்சொல் பட்டியலில் ‘உருளடி’யையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டும்.

தஞ்சை ஆசிரியர்:

சேர்ப்பதென்றால் சகடையையும் சேருங்கள். உருளையைப் பலகையில் பொருத்தியதும் அது வண்டிதான். அடுத்த பதிப்புக்குள் அந்த வேர் விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், சான்றுகளோடு வருகிறேன்.