குமிழி பிரியும் அளவு: கணக்கில் 2.3 மி.மீ., வீடியோவில் 0.7 மி.மீ. எங்கே தப்பு?

பாலக்கோட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓசூர்ல எம்.இ. ரெண்டாவது வருஷம். ஓடுற தண்ணி கொதிக்கும்போது சூடான தகட்டுல நீராவிக் குமிழி எப்படி வளருது, எப்போ விட்டுப் பிரியுதுன்னு சிமுலேஷன் பண்றதுதான் ப்ராஜெக்ட்.

அப்பா வெல்லம் காய்ச்சுறவர். கொப்பரையக் கழுவ தண்ணி ஊத்தி அடுப்பு மூட்டினா, ஆணி அடிச்ச மூட்டுலருந்து மட்டும் மணி கோத்த மாதிரி குமிழி வரிசையா கிளம்பும். ரெண்டு விரல் தள்ளி ஒண்ணுமே இருக்காது. ஏன் அங்க மட்டும்னு அப்பவே கேட்டுட்டே இருப்பேன். அதுக்காகவே இந்தத் தலைப்பு எடுத்தேன்.

படுக்கை வாட்டமா ஒரு செவ்வகக் குழாய், அடியில செம்புத் தகடு, மேல கண்ணாடி. தண்ணி 90 டிகிரி, வேகம் நொடிக்கு 0.3 மீட்டர். தகடு 107 காட்டுது, அதனால கொதிநிலைக்கு மேல 7 டிகிரி கூடுதல் சூடுன்னு வெச்சேன். பிரியும் விட்டத்துக்கு ஃப்ரிட்ஸோட 1935 சூத்திரம், தொடுகோணம் (குமிழியோட விளிம்பு தகட்டைத் தொடுற கோணம்) 45. விடை 2.3 மி.மீ. போன்ல நொடிக்கு 240 படம் எடுத்துப் பார்த்தா 0.7 தான். குமிழி கிளம்புற இடங்களும் என் கணக்கைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

தொடுகோணத்தை 14ன்னு மாத்தினா 0.7 வந்துடுது. கூட இருக்கிறவங்க அப்படியே போட்டுடுன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க.

கூழ்_பாய்லர்:
பாப்பா, நான் கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில பாய்லர் பாக்கிறவன். உன் சூத்திரமெல்லாம் தெரியாது. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல சுமாரா 900 மீட்டர். அங்க தண்ணி 100ல கொதிக்காது, 97 கிட்டயே கொதிச்சிரும். நீ 100 போட்டிருக்கியா பாரு.

ஓட்டக்கணக்கு:
அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம், தங்கச்சி. உன் கூடுதல் சூடு 7 இல்ல, 10. கிளம்புற இடங்களுக்கு லெம்மர்ட்-சாவ்லா சூத்திரம் போட்டிருப்ப. அதுல கூடுதல் சூடு 1.805 அடுக்குல வருது. 7 பத்தானா எண்ணிக்கை 1.9 மடங்கு. உன் ரெண்டு மடங்கு அங்கதான் தொலைஞ்சிருக்கு.

ஆனா 2.3 வேற சங்கதி. ஃப்ரிட்ஸ் பார்த்தது தேங்கி நிக்கிற தண்ணி. மிதப்பு விசையும் பரப்பு இழுவிசையும் மட்டும்தான் அதுல மோதுது, வேகத்துக்கு இடமே கிடையாது. கோணத்தை 14 ஆக்கினா அந்த ஒரு வேகத்துக்கு விடை பொருந்தும். நாளைக்கு பம்பைக் கூட்டினா மறுபடி தப்பும்.

ஓட்டத்துல குமிழியைத் தள்ளுற இழுவை, மேல தூக்குற விசை, வளர்ற வேகத்தால வர்ற எதிர்ப்பு எல்லாம் சேரும். கிளாஸ்னரும் கூட்டாளிகளும் 1993ல இதை எழுதினாங்க. அதுல எனக்குப் பிடிச்ச இடம், குமிழி பிரியுற ரெண்டு விதத்தையும் தனித்தனியா காட்டினதுதான்: ஓட்டத்தோட திசையில சமநிலை முதல்ல உடைஞ்சா குமிழி பிறந்த இடத்தை விட்டு வழுக்கிப் போகும், அப்பவும் தகட்டுலதான் ஒட்டியிருக்கும். தகட்டுக்குச் செங்குத்தா உடைஞ்சாத்தான் எழும்பும். நீ அளந்தது எது?

போனை நம்பாதே. 240 படம்னா படத்துக்குப் படம் 4 மில்லி நொடி. ஒரே சீரா 10 டிகிரி கூடுதல் சூடான தண்ணியில, குமிழி வளர்ற வேகத்துக்கான பிளெசெட்-ஸ்விக் கணக்குப்படி, அந்த 4 மில்லி நொடியில ஆரம் 1 மி.மீ. தாண்டிரும். தகட்டுப் பக்கம் சூடான படலம் மெல்லிசு, அவ்வளவு வளராது. இருந்தாலும் குமிழியோட பிறப்பு வளர்ப்பு முழுக்க உன் ரெண்டு படத்துக்கு நடுவுல நடந்து முடிஞ்சிரும்.

பாலக்கோட்டுப்பொண்ணு:
பாய்லர் அண்ணா, நேத்து ராத்திரி ஹாஸ்டல்ல தண்ணியக் கொதிக்க வெச்சு தெர்மாமீட்டர் விட்டேன். 97 தாண்டவே இல்ல. ரெண்டு மாசமா 100ஐ வெச்சு ஓட்டிட்டிருந்தேன். உங்களுக்குக் கோடி நன்றி. இடங்களோட எண்ணிக்கை இப்போ வீடியோவோட ஒத்துப் போகுது.

இன்னிக்கு துறையோட வேகக் கேமரா ரெண்டு மணி நேரம் கிடைச்சது, நொடிக்கு 3000 படம். குமிழி உருண்டையா இல்லைங்க, ஓட்டத்துப் பக்கம் சாஞ்சு நிக்குது. 0.5 மி.மீ. ஆனதுமே பிறந்த இடத்தை விட்டுடுது, மூணு மி.மீ. போல வழுக்கிட்டு, 0.7ல எழும்புது. அது நகர்ந்த கையோட அதே புள்ளியில அடுத்தது முளைக்குது, அப்பா கொப்பரை மாதிரியே.

விசைச் சமநிலையை எழுத ஆரம்பிச்சுட்டேன். முன்பக்கக் கோணமும் பின்பக்கக் கோணமும் வேற வேறயா இருக்கு. ரெண்டையும் படத்துலருந்து எடுக்கணும்னா, தகட்டுலருந்து எவ்வளவு உயரத்துல கோடு இழுத்து அளக்கிறீங்க, ஓட்டக்கணக்கு அண்ணா?