நகை மீட்கப்படாத திருட்டு வழக்கில் முன்ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி:
வீட்டு வேலைக்குப் போகும் பெண் மீது, 6 பவுன் செயினைக் காணோம் என்று பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 306-ல், அதாவது வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடியதாக, எப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். பழைய வழக்கு எதுவும் கிடையாது. நகை இன்னும் கிடைக்கவில்லை. "பொருள் கைக்கு வராத வரை முன்ஜாமீன் கேட்டே பயனில்லை" என்கிறார்கள். கோர்ட்டு உண்மையில் எதைப் பார்க்கும்?

பதில் 1:
அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் அரசு வழக்கறிஞர் எழுந்ததும் சொல்லப்போவது அதைத்தான்: "நகையை மீட்கணும், காவலில் எடுத்து விசாரிக்கணும்." அதற்கான பதில் மனுவிலேயே இருக்க வேண்டும். முன்ஜாமீனில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்துப் பொருள் எடுக்கப்பட்டால், அவர் அப்போது காவலில் இருந்ததாகவே கருதி அந்த மீட்பைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று குர்பக்ஷ் சிங் சிப்பியா (1980) வழக்கிலும் சுசீலா அகர்வால் (2020) வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மீட்பு ஒன்றை மட்டும் காட்டிக் கைது தேவை என்பது எடுபட வேண்டியதில்லை.

பிறகு எப்.ஐ.ஆரை வரி வரியாகப் படியுங்கள். செயினைக் கடைசியாகப் பார்த்தது என்றைக்கு, புகார் கொடுத்தது என்றைக்கு? பீரோ சாவி யாரிடம் இருந்தது? வேறு யாரெல்லாம் வந்து போனார்கள்? நடுவில் 20 நாள் ஓடியிருந்து, வெறும் சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தால் மனுவை அதிலிருந்தே தொடங்குங்கள். அடகுக் கடை ரசீதோ சிசிடிவி பதிவோ சிக்கியிருந்தால் கதை வேறு. அப்போது தள்ளுபடிக்கே வாய்ப்பு அதிகம்.

பதில் 2:
306-க்கு அதிகபட்சம் 7 ஆண்டு. ஆகவே உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் (2014) தீர்ப்பு பொருந்தும்: ஏன் கைது அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன் கீழ், கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் போய்விடுங்கள், போனதற்குச் சான்றும் வைத்துக்கொள்ளுங்கள். 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரு வரி போதும், மனு விழுந்துவிடும். இன்னொன்று: நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, கைது செய்யும் எண்ணமில்லை என்று போலீஸ் சொன்னால், அதைப் பதிவு செய்து மனுவை முடித்துவைப்பதும் உண்டு.

பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் குற்றம், வெறும் 303(2) (சாதாரணத் திருட்டு) என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. முன்ஜாமீன் தேவையே இல்லை. 6 பவுனுக்கு அது ஒத்துவராது.

பதில் 3:
மாஜிஸ்திரேட்டிடம் முன்ஜாமீன் கேட்க முடியாது. பி.என்.எஸ்.எஸ். 482-ன் கீழ் செஷன்ஸ் கோர்ட்டு அல்லது ஐகோர்ட்டில்தான் கேட்க வேண்டும். முதலில் செஷன்ஸுக்கே போங்கள்.

கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு விஷயத்தில். பழைய வழக்கை மறைப்பது: போலீஸ் அறிக்கையில் அது எப்படியும் வந்துவிடும், பிறகு மனுவில் உள்ள எதையும் நீதிபதி நம்பமாட்டார். அடுத்தது, 'நகைக்கு ஈடாகப் பணம் கட்டுகிறேன்' என்று தாமாகவே எழுதிக் கொடுப்பது. எடுக்கவே இல்லை என்பவர் ஏன் கட்டுகிறார் என்ற கேள்வி உடனே எழும்.

உத்தரவு வந்ததோடு வேலை முடியாது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுகளில் வழக்கமாக, நகல் கிடைத்த 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, இரண்டு ஜாமீன்தாரர்களோடு பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்தும் இருக்கும். நாள் தாண்டினால் கால நீட்டிப்பு கேட்டு மறுபடி மனுப் போட வேண்டியிருக்கும். ஜாமீன்தாரர்களின் போட்டோ, ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகலை இப்போதே வாங்கி வையுங்கள்.